தில்லியிலிருந்து சாங்க்ரி, கேதார்காந்தா: மலையேறப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாங்க்ரி, உத்தரகாண்டின் உத்தரகாசி மாவட்டத்தில் சுபின் ஆற்றுக்கு மேலே, சுமார் 1,950 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன ஊர். ஒரு கடைத்தெரு, தேவதாரு மரத்தில் கட்டிய பழைய வீடுகள், சுற்றிலும் காடு. கேதார்காந்தா உச்சிக்கும் ஹர் கி தூன் பள்ளத்தாக்குக்கும் இங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். ஆர்.கே. புரம், மயூர் விஹார், துவாரகா பக்கமிருந்து போகிற தமிழர்களும், சென்னையிலிருந்து தில்லி வந்து அங்கிருந்து கிளம்புகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

சாங்க்ரியைச் சுற்றி என்னென்ன இருக்கின்றன? முதல் தடவை போகிறவருக்கு எது சரி?

முதல் தடவைக்கு இரண்டுதான். ஒன்று கேதார்காந்தா, சுமார் 3,800 மீட்டர். உச்சி என்ற ஒன்று இருக்கிறது, நான்கு நாள் நடையில் முடிந்துவிடும். இன்னொன்று ஹர் கி தூன், 3,566 மீட்டர். இது உச்சி அல்ல, பள்ளத்தாக்கின் தலைப்பகுதி. தாலுகா கிராமம் வரை ஜீப்பில் போய், அங்கிருந்து ஆற்றோரமாக கங்காட், ஓஸ்லா வழியாக நடக்க வேண்டும். நடக்கும் தூரம் அதிகம், ஏற்றம் மெதுவாகக் கூடும்.

இரண்டில் எது உடம்புக்கு இதமானது என்று கேட்டால் ஹர் கி தூன் என்போம். உயரம் படிப்படியாக ஏறுவதால் பழகிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. ஆனால் பெரும்பாலானவர்கள் உச்சியில் நிற்க ஆசைப்பட்டு கேதார்காந்தாவையே தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் கீழே வருவதில் பெரும்பகுதி அதைப் பற்றியது.

கோடையில் புல்வெளிகளைப் பார்க்க வேண்டுமானால் புலாரா மலைமுகடு இருக்கிறது. ருயின்சாரா ஏரி ஹர் கி தூன் பாதையிலிருந்து பிரிந்து போவது. பாலி கணவாய் 4,950 மீட்டர், முதல் தடவைக்காரர்களுக்கானது அல்ல.

கேதார்காந்தாவை "ஈஸி ட்ரெக்" என்கிறார்களே, உண்மையா?

பாதை எளிது என்பது உண்மை. கயிறு தேவையில்லை, பாறையில் தொற்றி ஏறும் இடமில்லை, வழியும் தெளிவாக இருக்கும். அந்தச் சொல் மறைப்பது மூன்று விஷயங்களை: குளிர், உயரம் ஏறும் வேகம், இறக்கம்.

தில்லி கடல்மட்டத்திலிருந்து இருநூறு மீட்டரை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து கிளம்பியவர் முதல் இரவு 1,950 மீட்டரில் தூங்குகிறார், அடுத்த இரவு சுமார் 2,770 மீட்டரில், அதற்கடுத்த இரவு 3,400 மீட்டரில். 3,000 மீட்டருக்கு மேல் போனபின் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம் என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. இந்தப் பாதையின் வழக்கமான அட்டவணை அந்த எல்லையைக் கொஞ்சம் தாண்டுகிறது. பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆகிறவர்களுக்கு மூன்றாம் இரவில்தான் ஆகும்.

உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 63 சதவீதம். மாடிப்படி ஏறும் வேகத்தில் அங்கே ஏறப் பார்த்தால் பத்தடிக்கு ஒருமுறை மூச்சு முட்டி நிற்பீர்கள்.

வெள்ளிக்கிழமை இரவு கிளம்பி செவ்வாய்க்கிழமை ஆபீஸ் வந்துவிட முடியுமா?

முடியாது. முயல வேண்டாம்.

குறைந்தபட்சக் கணக்கு இது. கிளம்பும் இரவு தில்லியிலிருந்து டேராடூன். முதல் நாள் முழுக்க சாங்க்ரி வரை பயணம். இரண்டாம் நாள் ஜூடா கா தலாப் என்ற ஏரிக்கரை முகாம். மூன்றாம் நாள் அடிமுகாம். நான்காம் நாள் உச்சிக்குப் போய், ஹர்காவ் முகாம் வரை இறங்குவது. ஐந்தாம் நாள் சாங்க்ரி. ஆறாம் நாள் டேராடூன், அன்றிரவே தில்லிக்கு வண்டி. இதற்கு மேல் ஒரு நாள் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பனி விழுந்து சாங்க்ரிக்குப் போகும் மோரி சாலை அடைபட்டால் அந்த ஒரு நாள்தான் உங்கள் ரயில் டிக்கெட்டைக் காப்பாற்றும். சாலை அடைபடாவிட்டால் அதைச் சாங்க்ரியில் முதல் நாளே ஓய்வாகச் செலவிடுங்கள். உயரத்துக்குப் பழக அதைவிட நல்ல மருந்து கிடையாது.

நாட்களைச் சுருக்குவதற்காக ஜூடா கா தலாபில் தங்காமல் நேரே அடிமுகாமுக்குப் போகும் திட்டத்தை யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

தில்லியிலிருந்து எப்படிப் போவது?

டேராடூனுக்கு இரவு ரயிலில் போவது நல்லது. நந்தா தேவி எக்ஸ்பிரஸ் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி விடிகாலையில் இறக்கிவிடும். காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்திலிருந்து இரவுப் பேருந்துகளும் உண்டு. ஆனால் ரயிலில் ஓரளவு தூங்கலாம், அந்தத் தூக்கம் அடுத்த நாளுக்கு வேண்டும்.

டேராடூனிலிருந்து சாங்க்ரி ஏறக்குறைய 190 கிலோமீட்டர். எட்டிலிருந்து பத்து மணி நேரம் ஆகும். முசூரி, நௌகாவ், புரோலா, மோரி, நைட்வார் என்று வழி. ரயில் நிலையத்தை ஒட்டிய மலைப் பேருந்து நிலையத்திலிருந்து காலையிலேயே வண்டிகள் கிளம்பிவிடும். சாங்க்ரிக்கு நேர்ப் பேருந்து கிடைக்காவிட்டால் புரோலா வரை போய் அங்கிருந்து பங்கு ஜீப் பிடிக்கலாம். காலை எட்டரைக்கு மேல் டேராடூனில் நின்றுகொண்டிருந்தால் அன்று சாங்க்ரி சேர்வது கஷ்டம். இருட்டியபின் மலைச்சாலையில் வண்டி ஓட்டச் சொல்லி ஓட்டுநரை வற்புறுத்தாதீர்கள், புரோலாவில் தங்கிவிட்டு விடிந்ததும் போங்கள்.

சொந்தக் காரில் வருகிறவர்கள் கடைசியாகப் புரோலாவில் பெட்ரோலும் பணமும் எடுத்துக்கொள்வது நல்லது. புரோலாவின் சிவப்பரிசி பேர் பெற்றது. திரும்பும்போது ஐந்து கிலோ வாங்கி வரலாம், புட்டுக்கு நன்றாக இருக்கும்.

வளைவுகளில் வாந்தி வருமே, என்ன செய்வது?

முசூரி தாண்டியதிலிருந்து சாங்க்ரி வரை வளைவுதான். முன்பக்க இருக்கையைப் பிடியுங்கள், போனைப் பார்க்காதீர்கள், வெறும் வயிற்றிலும் நிறைந்த வயிற்றிலும் ஏறாதீர்கள். இரண்டு இட்லி அளவு போதும். புரோமெதசின் வகை மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். குமட்டல் ஆரம்பித்தபின் போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். அது தூக்கம் வரவழைக்கும் மருந்து. சாலைப் பயணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முகாமில் போட வேண்டாம். இஞ்சி மொரப்பா சிலருக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

எந்த மாதம் போகலாம்?

பனி வேண்டுமா, வானம் தெளிவாக வேண்டுமா என்பதைப் பொறுத்தது.

அக்டோபர், நவம்பரில் பனி இருக்காது. ஆனால் சுவர்காரோகிணி, பந்தர்பூஞ்ச், காலாநாக் சிகரங்கள் துல்லியமாகத் தெரியும். டிசம்பர் பின்பாதியிலிருந்து மார்ச் வரை பனிக்காலம். மேற்கத்திய இடையூறு என்று வானிலைச் செய்தியில் சொல்கிறார்களே, அது வந்தால்தான் பனி. அது தள்ளிப்போய் டிசம்பர் முழுக்க வறண்டு கிடக்கும் ஆண்டுகளும் உண்டு. அதனால் பனிக்காகவே போகிறவர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறையை நம்புவதைவிட ஜனவரி பின்பாதியோ பிப்ரவரியோ வைத்துக்கொள்வது மேல். கூட்டமும் குறைவு. டிசம்பர் கடைசி வாரத்தில் உச்சிக்குப் போகும் சரிவில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். மைனஸ் பத்து டிகிரியில் அசையாமல் நிற்பதுதான் நடப்பதைவிட ஆபத்து.

மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் மேலே பனியும் கீழே புராஞ்ச் மரங்களில் சிவப்புப் பூக்களும் சேர்ந்து கிடைக்கும். குளிருக்குப் பழகாத தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதுவே முதல் தேர்வு. ஜூலை, ஆகஸ்ட் மழையில் சாலை சரியும். போக வேண்டாம்.

தில்லி ஒரே சமதரை. எப்படிப் பயிற்சி எடுப்பது?

எட்டு வாரம் வேண்டும். ஓட்டம் மூச்சைக் கூட்டும், ஆனால் மலைக்கு வேண்டியது தொடையும் கெண்டைக்காலும். அதற்கு மாடிப்படிதான். பத்து மாடிக் குடியிருப்பில் ஒருமுறை ஏறினால் சுமார் 30 மீட்டர் உயரம். வாரத்தில் மூன்று நாள், ஐந்து சுற்றில் ஆரம்பித்து பதினைந்து சுற்று வரை கொண்டுவாருங்கள். கடைசி மூன்று வாரம் முதுகுப்பையில் ஆறேழு கிலோ வைத்து ஏறுங்கள். லிஃப்டில் இறங்காதீர்கள். இறக்கத்தைத் தாங்கும் தசைகள் இறங்கினால்தான் பலப்படும். மலை மந்திர் படிகள் போதுமா என்று சிலர் கேட்பதுண்டு. முருகனைப் பார்க்கப் போதும், இதற்குப் போதாது.

நவம்பர், டிசம்பர் தில்லிக் காற்றில் வெளியே ஓடுவது பயிற்சியைவிட நுரையீரலுக்குக் கெடுதல். காற்று மோசமான நாட்களில் உள்ளே இருக்கும் படிக்கட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். இருமலோடு மலைக்குப் போனால் அது உயரத்தால் வந்ததா ஊரிலிருந்து கொண்டுவந்ததா என்று மேலே யாராலும் சொல்ல முடியாது.

தயாரா என்று பார்க்க ஒரு சோதனை: பேச்சு தடைபடாமல் ஐந்து கிலோமீட்டரை 40 நிமிடத்துக்குள் ஓடவோ வேகநடையோடு கலந்து முடிக்கவோ முடிந்தால் கிளம்பலாம்.

ஸ்போர்ட்ஸ் ஷூ போதாதா?

பனியில்லாத அக்டோபரில் நல்ல பிடியுள்ள ஷூவோடு சிலர் போய்வருகிறார்கள். பனிக்காலத்தில் கூடாது. துணி மேற்பாகம் நனைந்தால் இரவில் ஷூ கல்லாக உறைந்துவிடும், காலை மூன்று மணிக்கு அதற்குள் காலை நுழைக்க வேண்டியிருக்கும்.

கணுக்காலை மூடும், நீர் புகாத பூட்ஸ் வாங்குங்கள். மாலையில் கடைக்குப் போங்கள், கால் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும். கனமான கம்பளிக் காலுறையை எடுத்துப்போய் அதோடு போட்டுப் பாருங்கள். வழக்கமான அளவைவிட அரை அளவு, சிலருக்கு ஒரு அளவு பெரிதாக வேண்டும். கடையிலேயே சரிவுப் பலகையிலோ படியிலோ இறங்கிப் பாருங்கள். பெருவிரல் முன்னால் இடித்தால் வேறு அளவு கேளுங்கள். புது பூட்ஸோடு மலைக்குப் போகவே கூடாது. மூன்று வாரம் ஆபீஸுக்கும் கறிகாய்க் கடைக்கும் அதையே போட்டு நடங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் நகம் கறுத்துக் கழல்வதற்கு முக்கால்வாசிக் காரணம் நீண்ட நகமும் தளர்ந்த கயிறும்தான்.

கொப்புளம் வந்தபின் பிளாஸ்திரி போடுவது இரண்டாம்பட்சம். குதிகாலில் லேசாகச் சூடு தெரியும்போதே நின்று, காலுறையைக் கழற்றி, மைக்ரோபோர் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். இரண்டு நிமிட வேலை.

குளிருக்கு என்னென்ன உடை? அம்மா பின்னிய ஸ்வெட்டர் போதுமா?

ஸ்வெட்டர் சாங்க்ரியில் தங்கும்போது நன்றாக உதவும். மேலே அடுக்குகள் தேவை.

உடம்பை ஒட்டி வியர்வையை வெளியேற்றும் தெர்மல் அல்லது மெரினோ கம்பளி. அதன்மேல் ஃபிளீஸ். நிற்கும்போதும் இரவிலும் போட, உள்ளே இறகு அடைத்த டவுன் ஜாக்கெட். எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். இதில் பருத்தி எங்கும் வரக்கூடாது. பருத்தி பனியன் ஏற்றத்தில் நனையும், காயாது, நீங்கள் நின்ற ஐந்தாவது நிமிடத்தில் முதுகில் ஐஸ் ஒத்தடம் கொடுத்த மாதிரி குளிரும். ஜீன்ஸும் அப்படியே.

பலர் செய்யும் தவறு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பிப்பது. நடை தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். பத்து நிமிடத்தில் சூடேறிவிடும். டவுன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஏறி வியர்வையில் நனைத்தால் இரவில் அது உதவாது.

கைக்கு இரண்டு அடுக்கு: உள்ளே மெல்லிய கையுறை, வெளியே நீர் புகாதது. தூங்குவதற்கென்று ஒரு ஜோடி காலுறையைத் தனியாக பிளாஸ்டிக் உறையில் வைத்து, நடக்கும்போது அதைத் தொடாதீர்கள். கருப்புக் கண்ணாடி கட்டாயம், யு.வி. 400 என்று போட்டிருக்க வேண்டும், பக்கவாட்டிலும் மூடியிருந்தால் நல்லது. பனியில் தெறிக்கும் வெயிலால் வரும் கண்ணெரிச்சல் உடனே தெரியாது. ஆறேழு மணி நேரம் கழித்து, கண்ணில் மணல் போட்டது போல் ஆரம்பிக்கும். சன்ஸ்கிரீனை மூக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழேயும் தடவுங்கள், வெயில் கீழிருந்தும் வருகிறது.

எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது?

உடம்பை ஒட்டியவை, பூட்ஸ், தலைவிளக்கு ஆகியவை சொந்தமாக இருக்கட்டும். டவுன் ஜாக்கெட், ஊன்றுகோல், மைக்ரோஸ்பைக் (வழுக்காமலிருக்க பூட்ஸின் அடியில் மாட்டும் முள்சங்கிலி), கெய்ட்டர் (பூட்ஸுக்குள் பனி புகாமல் கணுக்காலுக்கு மேல் சுற்றும் உறை) ஆகியவை சாங்க்ரியில் வாடகைக்குக் கிடைக்கும். வாங்கும்போது மைக்ரோஸ்பைக்கை உங்கள் பூட்ஸில் மாட்டிப் பாருங்கள். ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருந்தால் மாற்றிக் கேளுங்கள், குளிரில் அது அறுந்துவிடும். சங்கிலி பாதத்துக்கு நடுவில் ஒரே சீராக விழ வேண்டும். கெய்ட்டரின் அடிப்பட்டை பூட்ஸின் வளைவுக்குள் உட்கார வேண்டும், கொக்கி முன்கயிற்றில் மாட்ட வேண்டும், கொளுவிகள் வெளிப்பக்கம் வர வேண்டும். உள்பக்கம் வந்தால் அடுத்த காலின் ஸ்பைக்கில் சிக்கி விழுவீர்கள்.

ஸ்பைக் இறுகிய பனிக்கும் ஐஸுக்கும்தான். புதிதாக விழுந்த மாவுப்பனியில் அது அடியில் உருண்டையாக அப்பிக்கொள்ளும். அங்கே கழற்றிவிடுங்கள்.

தலைவலி வந்தால் உயர நோயா? டயமாக்ஸ் போட்டுக்கொண்டு போகலாமா?

2,500 மீட்டருக்கு மேல் புதிதாக வந்த தலைவலியோடு குமட்டல், பசியின்மை, அசதி, தலைசுற்றல் இவற்றில் ஒன்று சேர்ந்தால் அதை உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடித்து, ஓய்வெடுத்து, அதே உயரத்தில் தங்குங்கள். குறைந்தால் மேலே போகலாம். குறையாவிட்டால் போகக்கூடாது, கூடினால் இறங்க வேண்டும். பெரும்பாலும் 300 மீட்டரிலிருந்து 1,000 மீட்டர் இறங்கியதுமே தெளிந்துவிடும்.

டயமாக்ஸ் எனப்படும் அசிடசோலமைடு முன்தடுப்பாக 125 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவது வழக்கம். சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாமல் போகலாம். மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். விரல் நுனி மரத்துப்போவது, அடிக்கடி சிறுநீர் போவது இரண்டும் அதன் பக்கவிளைவுகள், பயப்பட வேண்டாம். ஆனால் மாத்திரை போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் வேகமாக ஏறக்கூடாது. மதுவும் தூக்க மாத்திரையும் அறவே வேண்டாம், இரண்டும் தூக்கத்தில் மூச்சை மந்தமாக்கும்.

இரண்டு அறிகுறிகளைக் குழுவில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும் விடாத இருமலும் நுரையீரலில் நீர் கோப்பதன் அடையாளம். தடுமாற்றமும் உளறலும் மூளை வீக்கத்தின் அடையாளம். சந்தேகம் வந்தால் அவரை ஒரு நேர்கோட்டில், ஒரு காலின் குதிகால் அடுத்த காலின் விரலைத் தொடும்படி பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், அந்த இரவிலேயே இறக்குங்கள். அவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.

"கூட வந்தவர்களின் பயணத்தைக் கெடுக்க வேண்டாமே" என்று தலைவலியை மறைப்பவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர். காலையும் மாலையும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்: தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா, தலை வலிக்கிறதா?

சாப்பாடு எப்படி? நம்ம ஊர் உணவு கொண்டுபோகலாமா?

முகாமில் பருப்பு, சோறு, ரொட்டி, ராஜ்மா, மேகி கிடைக்கும். 3,400 மீட்டரில் தண்ணீர் 89 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அதனால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. அரைவேக்காட்டுப் பருப்பு வயிற்றை ஊதவைக்கும். முகாமில் குக்கர் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள்.

எண்ணெய் விட்டுப் பிசைந்த பொடி இட்லி ரயிலுக்கும் முதல் நாள் சாலைக்கும் சரி. புளியோதரை அந்தக் குளிரில் இரண்டு நாள் தாங்கும். தயிர்சாதம் வேண்டாம். மேலே உறைந்து ருசி போய்விடும். உண்மையில் பெரிய உதவி ரசப்பொடி. கொதிநீரில் புளிக்காய்ச்சல் ஒரு கரண்டி, ரசப்பொடி அரைக் கரண்டி, உப்பு. பசி செத்துப்போன மூன்றாம் நாள் மாலை, வேறெதுவும் இறங்காதபோது இது இறங்கும். உப்பும் நீரும் சேர்ந்து உள்ளே போவதுதான் அப்போது முக்கியம். கடலைமிட்டாயை வீட்டிலேயே சுண்டுவிரல் நுனி அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள், மேலே அது பல்லை உடைக்கும். பேரீச்சை, எள்ளுருண்டை, வறுத்த முந்திரியைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்து முக்கால் மணிக்கு ஒருமுறை கொஞ்சம் சாப்பிடுங்கள்.

தண்ணீர்?

நாளைக்கு மூன்று லிட்டர். குளிரில் தாகம் தெரியாது, கணக்கு வைத்துக் குடியுங்கள். ஓடைநீரை 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும். குழாய் வடிகட்டிகளை நம்புகிறவர்கள் கவனிக்கவும்: ஒருமுறை உள்ளே நீர் உறைந்தால் அந்த வடிகட்டி வீண், வெளியே பார்த்தால் தெரியாது. அதை இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வையுங்கள்.

உறிஞ்சுகுழாய் வைத்த நீர்ப்பையும் உச்சி நாளில் உதவாது, குழாய்க்குள் நீர் உறைந்து அடைத்துக்கொள்ளும். அகலவாய் பாட்டிலை ஒரு காலுறைக்குள் போட்டுத் தலைகீழாக வையுங்கள். நீர் மேலிருந்து உறையும் என்பதால் நிமிர்த்தும்போது மூடிப்பக்கம் திரவமாகவே இருக்கும். இரவில் வெந்நீர் ஊற்றிக் காலடியில் வைத்தால் தூக்கமும் வரும், காலையில் குடிக்கத் தண்ணீரும் இருக்கும்.

உச்சி நாள் எப்படி இருக்கும்?

அடிமுகாமிலிருந்து உச்சிக்கு ஏற்றம் 400 மீட்டர்தான். பனியில் மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம். சூரியோதயத்துக்காக எல்லோரும் இரண்டரை, மூன்று மணிக்கே கிளம்புகிறார்கள். எங்கள் கருத்து வேறு. கூட்டமான நாளில் நாலரைக்குக் கிளம்புங்கள். உதயத்தைப் பாதி வழியில் பார்ப்பீர்கள், அது உச்சியிலிருந்து பார்ப்பதற்குக் குறைந்ததல்ல. கை விரலும் பிழைக்கும்.

அதற்கு மேல் தாமதிக்கக் கூடாது. பத்து மணிக்கு மேல் வெயிலில் பனி இளகி முழங்கால்வரை புதையும். மதியத்துக்கு மேல் மேகம் சூழ்வது வழக்கம். பதினொரு மணிக்குள் உச்சி சேராவிட்டால் எங்கே இருந்தாலும் திரும்புவது என்று முந்தைய இரவே வழிகாட்டியோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். உச்சிக்கு நூறு மீட்டர் கீழே நின்று அதை முடிவு செய்ய யாராலும் முடியாது.

நடை இப்படி: அடி சின்னதாக, ஒரே சீராக. மூக்கால் மூச்சுவிட முடியும் வேகம்தான் சரியான வேகம். சரிவில் பூட்ஸ் முனையால் இரண்டு முறை உதைத்துப் படி பண்ணி அதன்மேல் ஏறுங்கள். முன்னால் போனவரின் கால்தடம் இருந்தால் அதிலேயே வையுங்கள்.

முழங்கால் வலியில்லாமல் இறங்குவது எப்படி?

உச்சியிலிருந்து சாங்க்ரி வரை மொத்த இறக்கம் 1,850 மீட்டர். காயங்கள் பெரும்பாலும் ஏற்றத்தில் அல்ல, இங்கேதான் நடக்கும். ஊன்றுகோலை ஏற்றத்தைவிட ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் நீட்டுங்கள். பூட்ஸ் கயிற்றைக் கணுக்காலில் ஒரு சுற்று அதிகமாக இறுக்குங்கள். முழங்காலை லேசாக மடித்து, பனியில் குதிகாலை முதலில் அழுத்திப் பதியுங்கள். பயத்தில் பின்னால் சாய்ந்தால் வழுக்கும். உட்கார்ந்து சறுக்கிக்கொண்டு போவது ஜாலியாகத் தெரியும். ஸ்பைக் மாட்டிய காலோடு சறுக்கினால் ஸ்பைக் பனியில் குத்தி நின்றுவிடும், உடம்பு நிற்காது. கணுக்கால் முறிவது அப்படித்தான்.

போன், கேமரா, சிக்னல்?

மோரிக்கு மேல் சிக்னலை நம்பாதீர்கள். வீட்டில் எந்தத் தேதிக்குள் அழைப்பீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள், ஒரு நாள் தாராளமாகவே சொல்லுங்கள். குளிரில் போன் 40 சதவீதத்திலிருந்து சட்டென்று அணையும். உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். உறைந்த போனைச் சார்ஜ் போட்டால் பேட்டரி நிரந்தரமாகக் கெடும், முதலில் சூடாகட்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களிடம் சொல்லிவைக்க வேண்டியது: உரிமம் இல்லாமல் சாட்டிலைட் போனோ சாட்டிலைட் தொடர்புக் கருவியோ இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள்.

கழிப்பறை, மாதவிடாய்?

முகாமில் குழி தோண்டிய கூடாரக் கழிப்பறை. தண்ணீர் இருக்காது, மண்ணள்ளிப் போட வேண்டும். ஈரத்தாளைக் குழியில் போடாதீர்கள், அது மக்காது. உயரத்தாலும் அலைச்சலாலும் மாதவிடாய் தேதி முன்பின் ஆவது சாதாரணம், தேதி இல்லாவிட்டாலும் பொருள் எடுத்துப்போங்கள். பயன்படுத்திய நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி, இரட்டை ஜிப் பையில் போட்டுக் கீழே கொண்டுவாருங்கள். கப் பழக்கமிருந்தால் சரி, இந்தப் பயணத்தில் முதன்முதலாக முயல வேண்டாம். குளிரில் கழிப்பறைக்குப் போகப் பயந்து பெண்கள் பலர் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள், அது கூடாது.

அப்பா, அம்மாவை அழைத்துப் போகலாமா?

சாங்க்ரி வரை தாராளமாக. இரண்டு நாள் தங்கி, பக்கத்துச் சௌர் கிராமத்து மரவீடுகளைப் பார்த்துவிட்டு, வெயிலில் உட்கார்ந்து வரலாம். மேலே போக வேண்டுமானால் வயதைவிட இதயம், ரத்த அழுத்தம், ஆஸ்துமா நிலைமை முக்கியம், மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். அழைத்துப் போவதென்றால் ஏப்ரலில், ஜூடா கா தலாப் வரை. சிறுபிள்ளைகளுக்கும் அதே எல்லை. தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத வயதுக் குழந்தையை அதற்கு மேல் கொண்டுபோகக் கூடாது.

அனுமதி, வழிகாட்டி, மொழி?

இது கோவிந்த் தேசியப் பூங்கா மற்றும் வனவிலங்குச் சரணாலயப் பகுதி, 1955 முதல் சரணாலயம். நைட்வார் சோதனைச் சாவடியில் பதிவும் கட்டணமும் உண்டு. ஆதார் நகல் இரண்டு, மருத்துவச் சான்று ஒன்று கையில் இருக்கட்டும். ட்ரோன் பறக்கவிடாதீர்கள்.

உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் பனிக்காலத்தில் போகாதீர்கள். ஒரு மூடுபனியில் பாதை முழுவதும் மறைந்துவிடும். அவரிடம் நேரே பேசிக் கூலி, சாப்பாடு, கோவேறு கழுதைக்கான செலவு எல்லாவற்றையும் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். தில்லி இந்தி போதும். வயதில் பெரியவரை "பாய் சாப்", கடையிலோ வீட்டிலோ பெண்களை "தீதி" என்று கூப்பிடுங்கள். ஓஸ்லா சோமேஷ்வர் கோவில் போன்ற இடங்களில் படி ஏறுவதற்கு முன் ஊராரைக் கேளுங்கள். யார் எதுவரை போகலாம் என்பதற்கு அவர்களுக்கென்று முறை இருக்கிறது, அது நம் கிராமத்துக் காவல் தெய்வக் கோவில்களிலும் உள்ளதுதான்.

அவசரமென்றால்?

சிக்னல் உள்ள இடத்தில் 112, ஆம்புலன்ஸுக்கு 108. பாதையில் விபத்தானால் முதல் உதவி வழிகாட்டியும் கோவேறு கழுதையும்தான். பிறகு சாங்க்ரியிலிருந்து ஜீப்பில் புரோலா, பெரிய சிகிச்சைக்கு டேராடூன். நல்ல சாலையிலும் அது ஒரு முழுப் பகல். காப்பீடு எடுக்கிறவர்கள் எத்தனை மீட்டர் உயரம்வரை செல்லும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள், 3,000 மீட்டரோடு நின்றுபோகும் பாலிசிகள் உண்டு.

கேதார்காந்தா முடித்தாயிற்று. அடுத்து பாலி கணவாய் போகலாமா?

நேராக வேண்டாம். இடையில் ஹர் கி தூனோடு ருயின்சாராவைச் சேர்த்து ஏழெட்டு நாள் நடையொன்று முடியுங்கள். 3,500 மீட்டரில் தொடர்ந்து இரண்டு மூன்று இரவு உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். பாலி 4,950 மீட்டர். செங்குத்தான பனிச்சரிவும் கயிறு கட்டி இறங்கும் இடமும் அங்கே உண்டு, ஐஸ் கோடரி பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். உத்தரகாசியில் 1965 முதல் இயங்கும் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் அடிப்படைப் பயிற்சி வகுப்பு நடத்துகிறது. இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், பல மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.